சொல் வந்த வழி – 17: வெல்ல மண்டியில் ஒரு ‘சூப்பர்’

பழனிக்கு மேற்கே, கரும்புக் காடுகளை ஒட்டி இருக்கிறது நெய்க்காரப்பட்டி. பேரில் நெய் இருந்தாலும் ஊருக்குள் நுழைந்தால் மூக்கில் ஏறுவது வெல்ல வாசம்தான். சுற்றுவட்டார ஆலைகளில் காய்ச்சிய வெல்லம் இங்குள்ள மண்டிகளுக்கு மூட்டை மூட்டையாக வருகிறது. விலை பேசி முடிந்து லாரி ஏறுகிறது. கேரளம் வரை போகிறது. பொங்கலும் ஓணமும் நெருங்கினால் மண்டிக்காரர்களுக்குச் சாப்பிட நேரம் இருக்காது.

அப்படி ஒரு மண்டியில் காலையில் நின்றிருந்தேன். பெரியவர் ஒருவர் மூட்டையின் வாயைப் பிரித்து ஓர் உருண்டையை எடுத்தார். வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திண்ணைக் கல்லில் ஒரு தட்டு. ‘டக்’ என்று இரண்டாக உடைந்தது. உடைந்த முகத்தைக் கட்டைவிரலால் நீவி, விரலோடு விரலை ஒட்டிப் பார்த்தார். ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார்.

“நெறம் மட்டுங்க. ஆனா பதம் நின்னுருக்குது. கசியாது. பல்லுல மணல் கடிக்கல. இனிப்பு நெம்ப நேரம் நிக்குது” என்றார்.

பக்கத்தில் நின்றவர் ஒரு விலை சொன்னார். பெரியவர் அதைவிடக் கொஞ்சம் கூட்டிச் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்களும் தின்னு பாருங்க தம்பி” என்று ஒரு துண்டைக் கொடுத்தார். வாயில் போட்டேன்.

“சூப்பருங்க!” என்றேன்.

அவர் புன்னகைத்துவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார். எங்கள் பேச்சு அதோடு முடிந்தது.

அன்று பகல் முழுக்க அந்தப் புன்னகை மனதை விட்டுப் போகவில்லை. அவர் சொன்ன ஐந்து சொல்லும் ஐந்து இடத்தைத் தொட்டன: கண், கை, விரல், பல், நாக்கு. ஒவ்வொன்றையும் நம்பி ஒருவர் பணம் போடப் போகிறார். நான் சொன்ன ஒரு சொல் எதையும் தொடவில்லை. இந்த வாரம் அந்தச் சொல்லையும் அதன் கூட்டாளிகளையும் பார்ப்போம். சூப்பர், டாப், ஏ ஒன், ஃபர்ஸ்ட் கிளாஸ், நைஸ், ஓவர், மாஸ், வேற லெவல் என்று அளவையும் சிறப்பையும் சொல்ல ஆங்கிலத்திலிருந்து நாம் எடுத்துக்கொண்ட சொற்கள் அவை.

கப்பலில் வந்த ‘ஏ ஒன்’

“சரக்கு ஏ ஒன்னுங்க” என்று சொல்லாத சந்தை தமிழ்நாட்டில் இல்லை. சொல்லுகிற யாருக்கும் இது கப்பல் சொல் என்று தெரிந்திருக்காது.

லண்டனில் எட்வர்ட் லாய்டு என்பவர் நடத்திய காபிக் கடையில் கப்பல் முதலாளிகளும் காப்பீட்டுக்குப் பணம் போடுகிறவர்களும் கூடுவார்கள். எந்தக் கப்பலை நம்பிப் பணம் போடலாம் என்பதே அங்கே பேச்சு. அந்த வட்டாரத்திலிருந்து 1760-ல் ஒரு சங்கம் பிறந்தது. 1764 வாக்கில் கப்பல்களைத் தரம் பிரித்து ஒரு பதிவேடு அச்சிட்டார்கள். கப்பலின் உடலுக்கு ஏ, இ, ஐ, ஓ, யூ என்று ஐந்து தரம். பாய்மரம், கயிறு, நங்கூரம் முதலிய தளவாடங்களுக்கு நல்லது, நடுத்தரம், மோசம் என்று மூன்று தரம். கொஞ்ச காலத்தில் தளவாடத் தரத்தை எண்ணால் குறிக்கத் தொடங்கினார்கள். 1775-76 பதிவேட்டில் ‘ஏ 1’ தலைகாட்டுகிறது. உடலும் முதல் தரம், தளவாடமும் முதல் தரம் என்று அதற்குப் பொருள்.

அந்த ‘ஏ’வுக்குக் கீழே நான்கு எழுத்து இருந்தன. அந்த ‘ஒன்’னுக்குக் கீழே வேறு எண்கள் இருந்தன. ஒரு படி தவறாகப் போட்டால் யாரோ ஒருவருடைய பணம் கடலில் போகும். அதனால் அந்தச் சொல்லுக்குக் கனம் இருந்தது.

‘ஃபர்ஸ்ட் ரேட்’ என்பதும் இப்படித்தான். பிரிட்டிஷ் கடற்படை தன் போர்க்கப்பல்களை ஆறு படியாகப் பிரித்து வைத்திருந்தது. நூறு பீரங்கிக்குக் குறையாத கப்பலுக்கே முதல் படி. ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ நமக்கு ரயில் பெட்டியிலிருந்தும் பரீட்சைத் தாளிலிருந்தும் வந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் ரயில் புறப்பட்டது. 1857-ல் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது. வகுப்பு பிரித்துச் சீட்டுக் கொடுப்பதும், வகுப்பு பிரித்துப் பட்டம் கொடுப்பதும் நம் ஊரில் வழக்கமான பிறகு, ரசத்துக்கும் சாப்பாட்டுக்கும் ‘ஃபர்ஸ்ட் கிளாஸ்’ என்று சொல்லப் பழகினோம். இந்தச் சொற்கள் எல்லாமே ஏணியின் உச்சிப் படிகள். ஏணியை அங்கேயே விட்டுவிட்டு உச்சிப் படியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தோம்.

மெய்யும் பயமும் மிகுதியான கதை

அளவுச் சொற்களின் பிறப்பைத் தோண்டினால் எந்த மொழியிலும் ஆச்சரியம் காத்திருக்கும். ஆங்கிலம் படிக்கும் பிள்ளை முதலில் கற்கும் அளவுச் சொல் ‘வெரி’. பழைய பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு மூலப் பொருள் ‘மெய்யான’ என்பதுதான். 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் எழுதிய காலத்தில்கூட அதற்கு அந்தப் பொருள் உயிரோடு இருந்தது. மெய்யான வீரன் என்று சொல்லச் சொல்ல, ‘மெய்’ தேய்ந்து ‘மிக’ ஆகிவிட்டது. யாழ்ப்பாணத்தில் “சரியான குளிர்” என்றால் கடுங்குளிர். சரி என்பது மிகுதி ஆன கதை அது. கடல் தாண்டி இரண்டு மொழிகள் ஒரே வழியில் நடந்திருக்கின்றன.

‘நைஸ்’ லத்தீனில் அறியாதவனைக் குறித்த சொல். ஆங்கிலத்தில் அது முதலில் முட்டாள், பிறகு கூச்சக்காரன், பிறகு நுணுக்கமானது, கடைசியில் இனிமையானது என்று பொருள் மாறியது. தமிழுக்கு வந்தும் அது சும்மா இருக்கவில்லை. “மாவு நைஸா அரைச்சிருக்கு” என்றால் மிருது. “நைஸா பேசி வாங்கிட்டான்” என்றால் தந்திரம். ஆங்கிலேயருக்கு இந்த இரண்டாவது பொருள் புரியவே புரியாது. அது முழுக்க நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது.

‘டெரிஃபிக்’ பயமுறுத்துவது என்ற பொருளில் பிறந்து, பாராட்டாக முடிந்தது. நாம் “பயங்கர அழகு” என்கிறோம். ‘பிரமாதம்’ சமஸ்கிருதத்தில் கவனப்பிசகு, தவறு. தமிழில் வாய் நிறையச் சொல்லும் பாராட்டு. ‘அபாரம்’ என்றால் கரையில்லாதது, அக்கரை தெரியாத நீர்ப்பரப்பு. ‘ஜோர்’ பாரசீகத்தில் வலிமை. ‘பேஷ்’ அதே மொழியில் ‘அதிகம்’ என்னும் அளவுச் சொல். ‘சபாஷ்’ மகிழ்ந்திரு என்ற வாழ்த்து. நவாபு காலத்தில் பாரசீகப் பாராட்டு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் ஆங்கிலப் பாராட்டு வந்தது. யார் ஆண்டாலும் அவர்கள் மொழியில் மெச்சினால் மெச்சல் பெரிதாகத் தெரியும் என்பது மனிதர்களின் பழைய நம்பிக்கை.

அதனால் ‘சூப்பர்’ வந்துவிட்டதே என்று நான் வருந்தவில்லை. ‘மேலே’ என்று பொருள்படும் லத்தீன் சொல் அது, வந்தது வாழட்டும். வருத்தம் வேறு இடத்தில். ஒரு பாராட்டு வந்து மற்ற எல்லாப் பாராட்டையும் விழுங்குவதுதான் ஆபத்து. இதுவும் நம் ஊருக்கு மட்டும் வந்த நோய் இல்லை. ஜேன் ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபே’ 1817 கடைசியில் வெளியானது. அதில் ஒரு பாத்திரம் எதற்கெடுத்தாலும் ‘நைஸ்’ என்று சொல்லும் பெண்ணைப் பிடித்துக்கொண்டு, புத்தகமும் நைஸ், நாளும் நைஸ், நடையும் நைஸ் என்றால் எப்படி என்று கேட்கும். இருநூறு ஆண்டுக்கு முன்பே ஆங்கிலத்துக்கே அந்தக் கவலை இருந்தது.

நம் வீட்டு ஏணி

தமிழுக்கு இந்த ஏணி மிகப் பழையது. தொல்காப்பியத்தின் உரியியல் ‘உறு’, ‘தவ’, ‘நனி’ மூன்றையும் மிகுதி காட்டும் சொற்களாகச் சொல்கிறது. பின்னால் வந்த நன்னூல் ‘சால’, ‘கூர்’, ‘கழி’ என்று இன்னும் மூன்றைச் சேர்த்து ஆறாக்குகிறது. அளவு சொல்லும் சொற்களுக்கு இலக்கணத்தில் தனி இடம் ஒதுக்கிய மொழி நம்முடையது.

அந்த ஆறில் ‘சால’ நம் பேச்சிலிருந்து மறைந்து மேடைத் தமிழில் மட்டும் நிற்கிறது. தெலுங்கிலோ அதன் உறவுச்சொல் ‘சாலா’ இன்றும் குழந்தை வாயில் புழங்குகிறது. நாம் தினமும் சொல்லும் ‘ரொம்ப’, ‘நிரம்ப’ என்பதன் பேச்சு வடிவம். பாத்திரம் நிரம்புகிற படம் அதில் இருக்கிறது. பழனிக்கு மேற்கே கொங்குப் பேச்சில் அது ‘நெம்ப’. பெரியவர் சொன்ன ‘நெம்ப நேரம்’ நிரம்பிய நேரம்தான்.

சமையலறைக்குப் போனால் ஏணி இன்னும் நுணுக்கமாகும். உப்பு மட்டு, உப்பு அளவு, உப்பு தூக்கல், உப்புக் கரிக்குது. ஒவ்வொரு படிக்கும் அடுத்த வேலை உண்டு. மட்டு என்றால் கிள்ளிப் போடலாம். தூக்கல் என்றால் இன்னொரு கரண்டி சோறு போட்டுப் பிசையலாம். கரித்தால் எலுமிச்சை தேடவேண்டும். அம்மா “எப்படி இருக்கு?” என்று கேட்பது அடுத்த முறை கையை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்ள. “சூப்பர்மா” என்ற பதிலில் அதற்கு ஒன்றும் இல்லை.

‘குட்’ என்றதால் நின்ற பதவி உயர்வு

படி தெரியாமல் சொன்ன நல்ல சொல் ஒருவர் வாழ்க்கையை மறித்த வழக்கு நம் நாட்டிலேயே நடந்தது. தேவ் தத் என்பவர் எல்லைச் சாலைப் பொறியியல் பணியில் நிர்வாகப் பொறியாளர். அவருக்கு மேற்பார்வைப் பொறியாளராகப் பதவி உயர்வு கிடைக்க வேண்டும். அதற்கு மேலதிகாரிகள் எழுதும் கடைசி ஐந்தாண்டு ரகசியக் குறிப்பிலும் ‘வெரி குட்’ இருக்க வேண்டும் என்பது விதி. அவருக்கு 1993-94 ஆண்டுக் குறிப்பில் மட்டும் ‘குட்’ என்று எழுதியிருந்தார்கள். அவருக்கு இளையவர்கள் மேலே போனார்கள். அவர் நின்ற இடத்தில் நின்றார். அப்படி ஒரு ‘குட்’ எழுதப்பட்டதே அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. மோசமான குறிப்பைத்தான் தெரிவிக்க வேண்டும். ‘குட்’ மோசமில்லையே என்பது அரசுத் தரப்பு.

2008 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ‘வெரி குட்’ வேண்டிய இடத்தில் ‘குட்’ விழுந்தால் அது விளைவில் பாதகமான குறிப்பே. எழுதப்பட்ட குறிப்பு எதுவானாலும் ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 2013-ல் சுக்தேவ் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வும் அதை உறுதி செய்தது. இடையில் 2009-லேயே மத்திய அரசு முழு மதிப்பீட்டையும் ஊழியருக்குக் காட்ட உத்தரவிட்டு, சொல்லோடு எண்ணையும் சேர்த்தது. பத்துக்கு எட்டும் அதற்கு மேலும் என்றால் ‘அவுட்ஸ்டாண்டிங்’, ஆறுக்குக் குறையாமல் எட்டுக்குள் என்றால் ‘வெரி குட்’, நான்கிலிருந்து ஆறுக்குள் என்றால் ‘குட்’.

இந்தத் தீர்ப்பை ஒரு மொழிப் பாடமாகவே படிக்கலாம். ‘நல்லது’ என்ற சொல்லுக்கு அகராதியில் இருக்கும் பொருள் ஒன்று; ஏணியில் அது நிற்கும் இடம் தரும் பொருள் இன்னொன்று. எல்லாரும் ‘மிக நன்று’ ஆகிவிட்ட ஊரில் ‘நன்று’ திட்டாகிவிடும். வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவரும் தம்பி “அண்ணா, அஞ்சு ஸ்டார் போட்டுருங்கண்ணா” என்று கெஞ்சுவதும் இதனால்தான். ஐந்தைத் தவிர மற்ற நான்கு நட்சத்திரமும் அங்கே குறையாகிவிட்டன.

‘வெரி’யும் ‘டூ’வும்

நேர்முகத் தேர்வுக்குத் தயாராகும் நம் பிள்ளைகளுக்கும் இந்த ஏணி தேவைப்படுகிறது. “காபி ரொம்ப சூடு” என்றால் ஆவி பறக்கும் நல்ல காபியும் ஆகலாம், வாயில் வைக்க முடியாத காபியும் ஆகலாம். நம் ‘ரொம்ப’ இரண்டையும் தாங்கும். ஆங்கிலத்தில் முதலாவது ‘வெரி’, இரண்டாவது ‘டூ’. ‘வெரி ஹாட்’ என்றால் ஊதிக் குடிக்கலாம்; ‘டூ ஹாட்’ என்றால் குடிக்க முடியாது. இதை யாரும் எடுத்துச் சொல்லாததால், மகிழ்ச்சியைச் சொல்ல வந்த பிள்ளை ‘ஐ ஆம் டூ ஹேப்பி’ என்று சொல்லி, அளவு மீறிய மகிழ்ச்சி என்று கேட்பவருக்குத் தோன்றும்படி செய்துவிடுகிறது. பிள்ளை மேல் தவறில்லை. ‘ரொம்ப’வை அப்படியே தூக்கி வைத்ததில் வந்த வழுக்கல் அது.

இதில் அழகான ஒன்று உண்டு. அளவு மீறலைத் தனியாகச் சொல்ல நம் பேச்சு ஆங்கிலத்திலிருந்தே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டது: ‘ஓவர்’. “ஓவரா பண்ணாதே”, “இனிப்பு ஓவர்”. ‘ரொம்ப’ ஒரு படி, ‘ஓவர்’ அடுத்த படி. “‘ஓவர்’ என்று எங்கே சொல்வாயோ அங்கே ‘டூ’ போடு, ‘நெம்ப’ என்று எங்கே சொல்வாயோ அங்கே ‘வெரி’ போடு” என்று நெய்க்காரப்பட்டிப் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். ஒரு பாடவேளை மிச்சமாகும். தன் மொழியில் ஏணி தெரிந்தவருக்கு அடுத்த மொழியின் ஏணி பயமுறுத்தாது.

எதைப் புகழ்கிறோமோ அதுவே விளைகிறது

மண்டிக்குத் திரும்புவோம். அந்த உருண்டையைப் பற்றிப் பெரியவர் முதலில் சொன்னது ‘நெறம் மட்டு’ என்று. பழுப்பாக இருந்தது. ஆனால் அதுதான் காய்ச்சிய கரும்புச்சாற்றின் இயல்பு நிறம். கொப்பரையில் சாறு கொதிக்கும்போது சுண்ணாம்பும் வெண்டைச் செடியின் கொழகொழப்பும் சேர்த்து அழுக்கை மேலே திரட்டி அள்ளுவது பழைய முறை. நிறத்தை வெளுக்க ‘ஹைட்ரோஸ்’ என்று ஆலைக்காரர்கள் சொல்லும் சோடியம் ஹைட்ரோசல்பைட்டைப் பல ஊர்களில் போடுகிறார்கள். கந்தகம் கலந்த அந்த வேதிப்பொருள் வெல்லத்தைப் பளிச்சென்ற மஞ்சளாக்கும். அளவு மீறினால் உடம்புக்கு ஆகாது.

போடுகிறவர்களை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? கடையில் நின்று “இதுதான் சூப்பரா இருக்கு” என்று மஞ்சள் உருண்டையைக் காட்டியது நாம். நாம் பாராட்டியது நிறத்தை. ஆகவே நிறம் விளைந்தது. ‘பதம் நின்றிருக்கிறது’, ‘இனிப்பு நெடுநேரம் நிற்கிறது’ என்று கேட்டு வாங்கியிருந்தால் அது விளைந்திருக்கும். பாராட்டு ஒரு கட்டளை. எதைச் சொல்லி மெச்சுகிறோமோ அதைத்தான் அடுத்த முறை அந்தக் கை செய்து கொடுக்கும். வெல்லம் காய்ச்சுகிறவருக்கும் இது பொருந்தும், பரீட்சை எழுதும் பிள்ளைக்கும் பொருந்தும். படம் வரைந்து காட்டும் குழந்தையிடம் ‘சூப்பர்’ என்றால் குழந்தை சிரிக்கும். “மாட்டுக் கண்ணுல ஈரம் தெரியுதே, எப்படிப் போட்டே?” என்றால் குழந்தை பேசும்.

அன்று மாலை ஊருக்குக் கிளம்பும் முன் மறுபடி மண்டிக்குப் போனேன். பெரியவர் கணக்கு முடித்து உட்கார்ந்திருந்தார். வேறொரு மூட்டையிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கினேன். இந்த முறை உடனே வாய் திறக்கவில்லை. கரையும்வரை காத்திருந்தேன்.

“இனிப்பு அடங்குனதுக்கு அப்புறம் லேசா உப்புக் கரிக்குதுங்க” என்றேன்.

பெரியவர் நிமிர்ந்தார். தானும் ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். “ஆமாங்க தம்பி. இது சப்பைத் தண்ணிக் கெணத்துப் பாய்ச்சல். மழை நல்லா பேஞ்ச வருசம் இந்தக் கரிப்பு இருக்காது” என்றவர், திண்ணையில் பக்கத்தில் கிடந்த சாக்கை உதறிப் போட்டார்.

“உக்காருங்க” என்றார்.

*(அடுத்த வாரம்: ‘டோக்கன்’ – கையில் வாங்கிக் காத்திருக்கும் ஒரு சொல்)*